கோட்டிலா, புள்ளியிலா?

காலை ஏழு மணிக்குக் குப்பை வண்டி வருகிறது. பத்து மணிக்குக் கூரியர் வருகிறார். இருவருக்கும் அதே ஊர், அதே முட்டுச்சந்துகள், அதே நாய்கள். வேலைதான் வேறு. குப்பை வண்டி எந்தத் தெருவையும் விட்டுவிடக் கூடாது. ஒவ்வொன்றின் முழு நீளத்தையும் ஒருமுறையாவது கடந்தாக வேண்டும். கூரியருக்குத் தெருக்களைப் பற்றிய கவலை இல்லை. பையில் உள்ள முகவரிகளையெல்லாம் தொட்டுவிட்டுத் திரும்பினால் போதும். பெட்ரோலை மிச்சம் பிடிக்க இருவருக்கும் ஆசைதான். யாருடைய கணக்கு கடினம்?

குப்பை வண்டி என்று சொல்லத் தோன்றும். ஊர் முழுக்கச் சுற்றுவது அதுதானே. ஆனால் விடை நேர்மாறு. ஆயிரம் தெருக்கள் கொண்ட நகரத்துக்கும் குப்பை வண்டியின் மிகக் குறுகிய சுற்றைக் கணினி சட்டென்று கண்டுபிடித்துவிடும். இதைவிடக் குறுகியது இல்லை என்று அடித்தும் சொல்லிவிடும். கூரியரின் முகவரிகள் ஆயிரக்கணக்கில் பெருகினால், எந்த ஊருக்கும், எந்தப் பட்டியலுக்கும் மிகக் குறுகிய பாதையை விரைவில் தருவேன் என்று உறுதி கூறும் வழிமுறை இன்றுவரை யாரிடமும் இல்லை.

ஒரு கணக்கு கோடுகளைக் கடப்பது, மற்றது புள்ளிகளைத் தொடுவது. பார்வைக்குச் சின்ன வேறுபாடு. இந்த வேறுபாட்டைப் புரிந்துகொண்ட சிலர், புள்ளிக் கணக்காகத் தெரிந்த ஒன்றைக் கோட்டுக் கணக்காகத் திருப்பி எழுதினார்கள். 2020 ஜனவரியில் ஒரு புதிய வைரஸின் மரபணுத் தொடரை இரண்டே நாட்களில் படிக்க முடிந்ததற்கு அந்தத் திருப்பமும் ஒரு காரணம். அங்கே போவதற்கு முன் ஓர் ஆற்றைக் கடக்க வேண்டும்.

பிரஷ்யாவின் கோனிக்ஸ்பெர்க் நகரத்தைப் பிரேகெல் ஆறு நான்கு நிலப்பகுதிகளாகப் பிரித்திருந்தது. அவற்றை ஏழு பாலங்கள் இணைத்தன. எந்தப் பாலத்தையும் இரண்டாம் முறை மிதிக்காமல் ஏழையும் கடந்து வர முடியுமா என்பது உள்ளூர்ப் புதிர். செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் இருந்த லியோனார்ட் ஆய்லருக்கு டான்சிக் நகரத் தலைவர் எஹ்லர் வழியாக இது வந்து சேர்ந்தது. ஆய்லருக்கு எரிச்சல்தான். இதற்கும் கணிதத்துக்கும் என்ன உறவு, கணித அறிஞனிடம் ஏன் கேட்க வேண்டும் என்ற தொனியில் அவர் 1736இல் எஹ்லருக்குப் பதில் எழுதினார். ஆனால் அதற்கு முன்பே, 1735 ஆகஸ்டில், செயின்ட் பீட்டர்ஸ்பர்க் அறிவியல் கழகத்தில் விடையை வாசித்துவிட்டார். எரிச்சலோடு செய்த வேலையிலிருந்து ஒரு துறையே பிறந்தது.

அவருடைய வாதம் இரண்டு வரிக்குள் அடங்கும். நடுவழியில் ஒரு நிலப்பகுதிக்குள் நுழைய ஒரு பாலம் வேண்டும், வெளியேற வேறொன்று வேண்டும். ஆகவே பாலங்கள் ஜோடி ஜோடியாகத் தீர்கின்றன. புறப்படும் இடத்திலும் முடிக்கும் இடத்திலும் மட்டுமே ஒற்றைப்படையில் பாலங்கள் இருக்கலாம். கோனிக்ஸ்பெர்க்கின் க்னைப்ஹோஃப் தீவில் ஐந்து பாலங்கள், மற்ற மூன்று பகுதிகளிலும் மும்மூன்று. நான்குமே ஒற்றைப்படை. முடியாது, அவ்வளவுதான். பாலங்களின் நீளம் பொருட்டில்லை, ஆற்றின் வளைவு பொருட்டில்லை. நிலம் புள்ளியாகிவிட்டது, பாலம் கோடாகிவிட்டது. எது எதனோடு இணைகிறது என்பது மட்டும் மிச்சம்.

(அந்த ஊர் இன்று ரஷ்யாவின் காலினின்கிராட். இரண்டாம் உலகப் போரின் குண்டுவீச்சில் இரண்டு பாலங்கள் போயின. பிறகு இன்னும் இரண்டை இடித்து, அந்த இடத்தில் ஒரு நெடுஞ்சாலைப் பாலத்தை அமைத்தார்கள். இப்போது பழைய இடங்களில் உள்ள ஐந்து பாலங்களையும் ஒரே நடையில் கடந்துவிடலாம். இரண்டு தீவுகளில் ஒன்றில் தொடங்கி மற்றதில் முடிக்க வேண்டும்.)

எல்லாம் ஒன்றோடொன்று இணைந்திருந்து, ஒற்றைப்படைப் புள்ளி ஒன்றுகூட இல்லையென்றால் தொடங்கிய இடத்துக்கே திரும்பி வரும் சுற்று நிச்சயம் உண்டு என்று ஆய்லர் சொன்னார்; முழுமையாக நிறுவவில்லை. அதைச் செய்தவர் கார்ல் ஹியர்ஹோல்சர் என்ற ஜெர்மானியர். தன் நிறுவலைச் சக அறிஞர்களிடம் வாய்மொழியாகச் சொல்லிவிட்டு 1871இல் இறந்துபோனார். அவர்கள் அதை நினைவிலிருந்து எழுதி 1873இல் வெளியிட்டார்கள். அந்த நிறுவலே ஒரு செயல்முறை. மனம்போன போக்கில் நடக்கத் தொடங்குங்கள், கடந்த கோட்டை மட்டும் மீண்டும் தொடாதீர்கள். எல்லாப் புள்ளியும் இரட்டைப்படை என்பதால், தொடங்கிய இடத்தைத் தவிர வேறெங்கும் நீங்கள் சிக்கிக்கொள்ள வழியில்லை. திரும்பி வந்ததும், கடக்காத கோடு ஏதாவது மிச்சமிருந்தால், அது உங்கள் பாதையைத் தொடும் ஒரு புள்ளியிலிருந்து கிளைச் சுற்று ஒன்று போய் வாருங்கள். அதைப் பழைய சுற்றில் கோத்துவிடுங்கள். மிச்சம் தீரும்வரை இதே வேலை. எங்கும் பின்வாங்கி, அழித்து, மறுபடி முயல வேண்டியதில்லை. கோடுகள் இரட்டிப்பானால் உழைப்பும் ஏறக்குறைய இரட்டிப்பாகும், அதற்கு மேல் போகாது.

சிக்குக் கோலம் போடுகிறவர்களுக்கு இது புதிதாக இராது, ஆனால் அவர்களுடைய விதி இன்னும் கடுமையானது. கம்பி தன்னையே வெட்டிக்கொள்ளும் ஒவ்வொரு சந்திப்பிலும் நான்கு முனைகள், எல்லாமே இரட்டைப்படை. ஆகவே சந்திப்பில் விருப்பம்போல் திரும்பலாம் என்றால் தனித்தனியாகப் பிரிந்து நிற்காத எந்தக் கோலத்தையும் கையெடுக்காமல் போட்டுவிடலாம். கோலக்காரர் திரும்ப மாட்டார். சந்திப்பை நேராகக் கடந்தே தீருவார். அந்த ஒரு கட்டுப்பாட்டால் கணக்கு வேறாகிவிடுகிறது. நேர்ப்புள்ளி வைத்து, எல்லாப் புள்ளிகளையும் சுற்றிச் சாதாரணப் பின்னலாக இழுத்தால், நான்குக்கு ஐந்தில் ஒரே கம்பி வரும். ஐந்துக்கு ஐந்தில் ஐந்து தனிக் கம்பிகள் வரும். நிரைகளின் எண்ணிக்கைக்கும் நிரல்களின் எண்ணிக்கைக்கும் மீப்பெரு பொது வகுத்தி எவ்வளவோ, அத்தனை கம்பிகள். தாம்பரம் சென்னைக் கிறித்தவக் கல்லூரியின் கிஃப்ட் சிரோமணி, ராணி சிரோமணி ஆகியோரும் கமலா கிருதிவாசனும் 1974இல் கோலங்களைக் கணினி மொழிகளின் இலக்கணத்தோடு இணைத்து எழுதிய கட்டுரை, உலகக் கணினியியலாளர்கள் வாசலைக் கவனிப்பதற்குக் காரணமானது.

குப்பை வண்டிக்கு வருவோம். நிஜ ஊரில் ஒற்றைப்படைச் சந்திப்புகள் இல்லாமலா? முச்சந்தி ஒவ்வொன்றும் ஒற்றைப்படைதான். அப்படியானால் சில தெருக்களை இரண்டு முறை ஓட்டியே ஆக வேண்டும். எவற்றை? 1960இல் சீனாவின் ஷான்டோங்கில் குவான் மெய்கு இதைத் தபால்காரரின் கணக்காக எழுதினார். ஒற்றைப்படைச் சந்திப்புகளை இரண்டிரண்டாக ஜோடி சேர்த்து, ஒவ்வொரு ஜோடிக்கும் இடையே உள்ள குறுகிய வழியை இரட்டிப்பாக்கிவிட்டால் எல்லாம் இரட்டைப்படை ஆகிவிடும். மொத்தக் கூடுதல் தூரம் குறைவாக வரும்படி ஜோடி சேர்ப்பதுதான் வேலை. இருபது ஒற்றைப்படைச் சந்திப்புகளை ஜோடி சேர்க்க 65 கோடிக்கும் அதிகமான விதங்கள் உண்டு. அத்தனையையும் பார்க்காமலே சிறந்ததை எடுக்கும் வழியை 1965இல் ஜாக் எட்மண்ட்ஸ் காட்டிவிட்டார். வாய்ப்புகள் கோடிக்கணக்கில் இருக்கின்றன என்பதாலேயே ஒரு கணக்கு கடினமாகிவிடாது என்பதை இங்கே குறித்துக்கொள்ளலாம். சட்டென்று ஒதுக்கிவிட வழி இருக்கிறதா என்பதே கேள்வி.

ஊரில் எல்லாத் தெருவும் இருவழியாக இருந்தாலும் இந்தக் கணக்கு எளிது, எல்லாமே ஒருவழியாக இருந்தாலும் எளிது. சிலது ஒருவழி, சிலது இருவழி என்று கலந்திருந்தால்? கூரியரின் கணக்கு அளவுக்குக் கடினமாகிவிடும் என்று கிறிஸ்டோஸ் பாபடிமிட்ரியூ 1976இல் நிறுவினார். போக்குவரத்துப் போலீஸ் ஓர் இரவில் நட்டுவிட்டுப் போகும் ஒருவழிப் பலகைக்கு இவ்வளவு கணித வலிமை இருக்கிறது.

கூரியரின் கணக்குக்கும் ஒரு மூதாதை உண்டு; அது பொம்மைக் கடையில் பிறந்தது. டப்ளினின் வில்லியம் ரோவன் ஹாமில்டன் 1857இல் ஒரு விளையாட்டை வடிவமைத்தார். பன்னிரண்டு ஐங்கோண முகங்கள் கொண்ட உருவத்தின் இருபது மூலைகளையும், எதையும் இரண்டாம் முறை தொடாமல், விளிம்புகள் வழியாகவே சுற்றி வர வேண்டும். விளையாட்டுப் பொருள் வியாபாரி ஒருவருக்கு 25 பவுண்டுக்கு விற்றார். அது விலைபோகவில்லை. இதே கேள்வியை இங்கிலாந்துப் பாதிரியார் தாமஸ் கிர்க்மன் சற்று முன்பே எழுப்பியிருந்தார் என்றாலும் பெயர் ஹாமில்டனோடு ஒட்டிக்கொண்டது.

ஆய்லரின் கேள்விக்கு ஒவ்வொரு புள்ளியிலும் நின்று, கோடுகளை எண்ணி, ஒற்றையா இரட்டையா என்று பார்த்தால் போதும். ஹாமில்டனின் கேள்விக்கு அப்படி நின்ற இடத்தில் பார்த்துச் சொல்லக்கூடிய அடையாளம் எதுவும் கிடைக்கவில்லை. இங்கே சரியாகத் தோன்றும் திருப்பம், ஊரின் மறுகோடியில் பத்துப் புள்ளிகள் கழித்துத் தப்பாகிப்போகலாம். 1972இல் ரிச்சர்ட் கார்ப் இருபத்தொரு கணக்குகளை வரிசைப்படுத்தி, எந்த ஒன்றுக்கு விரைவான வழி கிடைத்தாலும் மற்ற எல்லாவற்றுக்கும் கிடைத்துவிடும் என்று காட்டினார். ஹாமில்டன் சுற்று அந்தப் பட்டியலில் இருக்கிறது. அப்படி ஒரு வழி உண்டா இல்லையா என்று நிறுவுகிறவருக்குக் கிளே கணித நிறுவனம் 2000இல் 10 லட்சம் டாலர் பரிசு அறிவித்தது. பணம் இன்னும் அங்கேயே இருக்கிறது.

கண்மூடித்தனமாகத் தேடினால் என்ன ஆகும்? இருபது முகவரிகளை வரிசைப்படுத்தும் விதங்கள் எல்லாவற்றையும், விநாடிக்கு 100 கோடி வீதம் சோதித்தாலும் 77 ஆண்டுகள் ஆகும். இருபத்தொன்றாவது முகவரி வந்தால் 1,600 ஆண்டுகள். அறிவோடு தேடினால் நிலைமை இவ்வளவு மோசமில்லை. 1954இல் அமெரிக்காவின் 49 நகரங்களுக்கான மிகக் குறுகிய சுற்றை டான்ட்சிக், ஃபுல்கர்சன், ஜான்சன் மூவரும் கண்டுபிடித்தார்கள். 2006இல் ஒரு சிப் தயாரிப்பில் எழுந்த 85,900 புள்ளிகளின் சுற்று தீர்க்கப்பட்டது. ஆனால் அவை ஒவ்வொன்றும் தனித்தனி வெற்றிகள். அடுத்த ஊரின் பட்டியலுக்கும் இதே நேரத்தில் விடை வரும் என்று யாரும் எழுதித் தர மாட்டார்கள்.

இனி மரபணு. டிஎன்ஏவை ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை படித்துக்கொண்டே போகும் கருவி இல்லை. மூலக்கூறின் ஏராளமான நகல்களைத் தாறுமாறான இடங்களில் வெட்டி, துண்டுகளைப் படிப்பதே வழக்கம். இன்று பரவலாக உள்ள கருவிகளில் ஒரு துண்டில் படிக்கக் கிடைப்பது நூற்றைம்பது எழுத்து போல. மனித மரபணுத் தொகுதியோ 300 கோடி எழுத்துகளுக்கு மேல். எந்தத் துண்டு எங்கிருந்து வந்தது என்ற குறிப்பு எதுவும் கிடையாது. இருக்கும் ஒரே துப்பு, ஒரு துண்டின் வால் இன்னொன்றின் தலையோடு பொருந்துவது.

இயல்பாகத் தோன்றும் வழி இது: துண்டு ஒவ்வொன்றையும் ஒரு புள்ளியாக வை, வாலும் தலையும் பொருந்தும் துண்டுகளுக்கு இடையே கோடு போடு, எல்லாத் துண்டுகளையும் ஒருமுறை தொட்டுச் செல்லும் பாதையைத் தேடு. அதாவது ஹாமில்டனின் பாதை, கூரியரின் தலைவலி. போதாக்குறைக்கு, கோடு போடவே ஒவ்வொரு துண்டையும் மற்ற எல்லாவற்றோடும் ஒப்பிட்டாக வேண்டும். தொண்ணூறுகளில் துண்டுகள் நீளமாகவும் எண்ணிக்கையில் குறைவாகவும் இருந்ததால் நடைமுறைத் தந்திரங்களோடு இந்த வழியில் சமாளித்தார்கள். துண்டுகள் சிறுத்துக் கோடிக்கணக்கில் கொட்டத் தொடங்கியபோது தாங்கவில்லை.

மாற்று வழி, மரபணுவைப் பற்றி யோசிக்காத ஒருவரிடமிருந்து வந்தது. 1946இல் டச்சுக் கணிதவியலாளர் நிக்கோலாஸ் டி ப்ரைன், சுழியமும் ஒன்றும் மட்டும் கொண்ட வட்டத் தொடர்களை ஆராய்ந்தார். குறிப்பிட்ட நீளமுள்ள எல்லாச் சேர்க்கைகளும் ஒவ்வொரு முறை மட்டும் வரும்படி எத்தனை வட்டங்கள் அமைக்கலாம் என்பது அவர் கேள்வி. (1894இலேயே பிரான்சில் காமிய் ஃப்ளை செந்த்-மரி இதற்கு விடை கண்டிருந்தார்; பின்னாளில் அதை அறிந்த டி ப்ரைன் பெருந்தன்மையோடு ஒப்புக்கொண்டார்.) இதன் விளையாட்டான பயன் ஒன்று: நான்கு இலக்கம் அமுக்கினால் திறக்கும் பூட்டு, கடைசி நான்கு இலக்கங்களை மட்டும் பார்க்கும் வகை என்றால், 10,000 எண்களையும் சோதிக்க 40,000 முறை அமுக்க வேண்டாம். ஒன்றின் மேல் ஒன்று ஏறும்படி கோத்தால் 10,003 அமுக்கலில் எல்லாம் முடிந்துவிடும்.

அந்தக் கோர்வையை அமைக்கும் உத்திதான் முக்கியம். துண்டைப் புள்ளியாக வைக்காமல் கோடாக வை. சின்ன உதாரணம் பார்ப்போம். டிஎன்ஏவின் நான்கு எழுத்துகளை அ, தை, கு, சை என்று குறித்துக்கொள்வோம்: அடினைன், தைமின், குவானைன், சைட்டோசின். கையில் மூன்றெழுத்துத் துண்டுகள் நான்கு: குஅதை, அதைசை, தைகுஅ, அதைகு. ஒவ்வொரு துண்டும் அதன் முதல் இரண்டு எழுத்திலிருந்து கடைசி இரண்டு எழுத்துக்குப் போகும் அம்பு. அதைகு என்பது ‘அதை’ என்ற புள்ளியிலிருந்து ‘தைகு’ என்ற புள்ளிக்குப் போகிறது. தைகுஅ அங்கிருந்து ‘குஅ’வுக்கு. குஅதை அங்கிருந்து மறுபடி ‘அதை’க்கு. அதைசை அங்கிருந்து ‘தைசை’க்கு. எல்லா அம்புகளையும் ஒருமுறை கடந்துவிட்டோம். வழியில் கிடைத்த தொடர் அதைகுஅதைசை. ‘அதை’ என்ற புள்ளிக்கு இரண்டு முறை வந்ததில் தவறில்லை. கோட்டைத்தான் இரண்டாம் முறை மிதிக்கக் கூடாது. இது கோனிக்ஸ்பெர்க். ஹியர்ஹோல்சரின் செயல்முறை இங்கே அப்படியே ஓடும். துண்டுகளை ஒன்றோடொன்று ஒப்பிடும் வேலையும் இல்லை; ஒவ்வொரு துண்டும் தன் இரண்டு புள்ளிகளைத் தானே சொல்லிவிடுகிறது.

1989இல் சோவியத் நாட்டிலிருந்த பாவெல் பெவ்ஸ்னர் அன்றைய ஒரு சோதனை முறைக்காக இந்தப் பார்வையை முன்வைத்தார். 2001இல் அவரும் ஹைசு டாங்கும் மைக்கேல் வாட்டர்மனும் துண்டுகளைக் கோக்கும் பொதுவான வேலைக்கு இதை விரித்தார்கள். அப்போது பலர் இதை நேர்த்தியான கணிதமாக மட்டுமே பார்த்தார்கள். சில ஆண்டுகளில் மலிவான குறுந்துண்டுக் கருவிகள் சந்தைக்கு வந்தபின் வேறு வழி இருக்கவில்லை. 2010இல் வெளியான பாண்டா கரடியின் மரபணுத் தொகுதி, சராசரியாக 52 எழுத்தே நீளமுள்ள துண்டுகளிலிருந்து கோக்கப்பட்டது.

2020 ஜனவரி 3 அன்று வூஹானிலிருந்து ஒரு நோயாளியின் நுரையீரல் கழுவுநீர் ஷாங்காயில் ஜாங் யோங்ஜென்னின் ஆய்வகத்துக்கு வந்தது. கருவி தந்தவை 5 கோடியே 65 லட்சம் துண்டுகள். ஒன்றோடொன்று ஒப்பிடுவது என்றால் 1,600 லட்சம் கோடி ஜோடிகள். அந்தத் துண்டுகளில் நோயாளியின் சொந்த மரபணுவும் அவர் நுரையீரலில் இருந்த நுண்ணுயிரிகளுடையதும் கலந்திருந்தன. துண்டைக் கோடாக வைக்கும் இந்த டி ப்ரைன் அமைப்பில் ஓடும் மென்பொருள்கள் அந்தக் குவியலைக் கோத்தபோது, எல்லாவற்றிலும் நீளமாக வந்த தொடர் ஏறக்குறைய 30,000 எழுத்துகள் கொண்டது. இதுவரை அறியாத ஒரு கொரோனா வைரஸ். ஜனவரி 5 அன்று தொடர் தயார். இரண்டாம் வாரத்தில் உலகுக்கு வெளியானது. முனைகளைச் சரிபார்த்தபின் நிலைத்த நீளம் 29,903 எழுத்துகள்.

இந்தக் கதையை இங்கேயே நிறுத்தி, கடினமான கணக்கை எளிதாக்கிவிட்டார்கள் என்று கை தட்டினால் நியாயமாகாது. எளிதானது பாதையைக் கண்டுபிடிப்பது. கண்டுபிடித்த பாதைதான் இயற்கையின் பாதையா என்பது வேறு கேள்வி. ஒரே சொற்றொடர் மரபணுவில் மூன்று இடங்களில் வந்தால், டி ப்ரைன் அமைப்பில் மூன்றும் ஒரே இடமாக ஒட்டிக்கொள்ளும். அங்கிருந்து புறப்பட்டு அங்கேயே திரும்பும் இரண்டு வளையங்களில் எதை முதலில் சுற்றுவது? இரண்டு வரிசையும் ஆய்லருக்குச் சம்மதம். உயிருக்கு ஒன்றுதான் சரி. ஆய்லர் பாதை கிடைக்காமல் அவதிப்படுவதில்லை, கணக்கில்லாமல் கிடைத்து அவதிப்படுகிறோம். ஆகவே நடைமுறையில் எந்த மென்பொருளும் முழுச் சுற்றை எழுதித் தருவதில்லை. ஐயமில்லாமல் நேராக ஓடும் பகுதிகளை மட்டும் எழுதி, சந்திப்பு வந்ததும் நிறுத்திவிடுகிறது. கருவி ஓர் எழுத்தைத் தவறாகப் படித்தால் இல்லாத தெருக்கள் முளைக்கும். சில துண்டுகளில் மட்டுமே தென்படும் அம்புகளைச் சந்தேகத்தின் பேரில் வெட்டிவிடுவார்கள். ஓர் அம்புக்கு எத்தனை எழுத்து வைப்பது என்பதும் பேரம்தான். குட்டையாக வைத்தால் சிக்கு, நீளமாக வைத்தால் ஓட்டை.

மனித மரபணுத் தொகுதி முடிந்தது என்று 2003இல் அறிவித்தபோது ஏறக்குறைய 8 சதவீதம் படிக்கப்படாமலே இருந்ததற்குக் காரணம் இந்தத் திரும்பல்கள். குரோமோசோமின் இடைப்பகுதியில் 171 எழுத்து கொண்ட ஒரு தொடர் ஆயிரக்கணக்கான முறை அடுத்தடுத்து வருகிறது. அதற்குள் விழுந்த குறுந்துண்டுக்குத் தான் எங்கே இருக்கிறோம் என்று தெரியாது. கணிதத்தால் இதை அவிழ்க்க முடியவில்லை, கருவிதான் அவிழ்த்தது. ஏறக்குறைய 20,000 எழுத்துகளை மிகக் குறைந்த பிழையோடும், சற்றுக் கூடுதல் பிழையோடு லட்சத்துக்கும் மேலும் ஒரே மூச்சில் படிக்கும் கருவிகள் வந்தன. துண்டுகள் நீண்டதும் பெரும்பாலான சந்திப்புகளே மறைந்துபோயின. அதனால் துண்டுகளை மீண்டும் புள்ளிகளாக வைக்கும் பழைய பார்வை திரும்பி வந்தது. தேர்ந்தெடுக்க வேண்டிய பாதைகள் குறைந்துவிட்ட இடத்தில் ஹாமில்டனின் பயமும் குறைந்துவிட்டது. 2022இல் வெளியான 305 கோடி எழுத்துகளின் முழுத் தொடர் அப்படித்தான் கோக்கப்பட்டது.

அதிலும் ஐந்து இடங்கள் அடம்பிடித்தன. 13, 14, 15, 21, 22 என்ற குரோமோசோம்களில் ரைபோசோமுக்கான மரபணு, ஒவ்வொன்றும் ஏறக்குறைய 45,000 எழுத்து நீளத்தில், அச்சடித்ததுபோல் வரிசையாக நிற்கிறது. நீளமான துண்டுகளுக்கும் அவை பிடிபடவில்லை. அங்கே மட்டும் ஆய்வாளர்கள் மறுபடி டி ப்ரைன் அமைப்புக்குப் போனார்கள். 14இலும் 22இலும் நகல்கள் ஏறக்குறைய ஒரே வகை என்பதால் வரிசைக் குழப்பம் எழவில்லை. மற்ற மூன்றில் என்னென்ன வகைகள், ஏறக்குறைய எத்தனை நகல்கள் என்று சொல்ல முடிந்தது. எது எதற்குப் பின்னால் நிற்கிறது என்று தெரியாததால், ஒரே வகையை ஒன்றாகச் சேர்த்து, செயற்கையான வரிசையில் அடுக்கி வெளியிட்டிருக்கிறார்கள்.